நார்ஸ்மேன் போட்டியில் தம்பிக்குத் துணையாளராகப் போகிறேன்: எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக விண்ணப்பித்துக் காத்திருந்த என் தம்பிக்கு, நார்வேயில் நடக்கும் நார்ஸ்மேன் போட்டியின் குலுக்கலில் இந்த முறை பெயர் விழுந்துவிட்டது. படகிலிருந்து கடலில் குதித்து 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதன்பின் மலை உச்சி வரை 42.2 கி.மீ. ஓட்டம். அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். இரவு உட்கார்ந்து விதிகளைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. சாப்பாடு, தண்ணீர், மாற்றுடை, பங்க்சர் பசை என அனைத்தையும் போட்டியாளர் தன் காரில், தன் ஆளை வைத்தே கொண்டுவர வேண்டும். கடைசி மலைப்பாதையில் அந்த ஆளும் முதுகுப் பையோடு கூடவே ஏற வேண்டும். "நீ வந்தால்தான் போவேன் அக்கா" என்று தம்பி சொல்லிவிட்டான்.

எனக்கு வயது 44. கோவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் பழக்கம்தான். ஆனால் நாட்டை விட்டு வெளியே ஓட்டியதில்லை. ஊட்டிக் குளிரைத் தவிர வேறு குளிரும் தெரியாது. தம்பி மலேசியாவின் லங்காவியில், இதே தூரங்கள் கொண்ட முழு அயர்ன்மேன் போட்டியை முடித்தவன். அங்கே அவனுக்கு எதிரி வெயில்.

இப்போது மொட்டை மாடியில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளம் வாங்கிப் போட்டு, தினம் பத்து நிமிடம் உட்காருகிறான். முதல் நாள் வெளியே வந்தவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் பொத்தானைத் தொடுகின்றன, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கின்றன. ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும்போது போட்டுவிட்டதுபோல நான்தான் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். அந்தப் பொத்தான்கள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

நான் கேட்பது மூன்று. அந்த நாள் முழுவதும் துணையாளரின் வேலை உண்மையில் என்ன? என்ன சாப்பாடு கொடுப்பது? மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது: போதும், நிறுத்து என்று எந்த இடத்தில் சொல்வது? சொன்னால் அவன் கேட்பானா?

---

பேர்கன்மழை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நார்வேயின் பேர்கனில் வசிக்கிறேன். என் மகள் இந்தப் போட்டியில் பங்குபற்றியபோது நானே அவளுடைய துணையாள். அப்போது எனக்கு 57 வயது. நீங்கள் கேட்டது என்னை அன்றைய நாளுக்கே கொண்டுபோய்விட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் கார். இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பகலிலும் முகப்பு விளக்கு எரிந்தாக வேண்டும், அது சட்டம். ஊருக்கு வெளியே பொதுவாக 80 கி.மீ. வேகம்தான் உச்சம். மேட்டுநிலத்தில் செம்மறிகள் தார் வீதியிலேயே படுத்துக் கிடக்கும். நான்கு நாள் முன்னதாகவே வந்து, போட்டிப் பாதை முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே காரை வீதியை விட்டு முற்றாக இறக்கி நிறுத்தலாம் என்று ஒவ்வோர் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டியாளருக்குப் பக்கத்தில் காரை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. முந்திப் போய், நிறுத்தி, இறங்கிக் காத்திருந்து, கொடுத்துவிட்டு, மறுபடி முந்திப் போக வேண்டும். நாள் முழுக்க இதுதான்.

எய்ட்ஃபியோர்ட் என்ற சிறிய ஊரில் தொடக்கம். விடியற்காலை 4 மணியளவில் கார் ஏற்றும் படகு போட்டியாளர்களை ஏற்றிக்கொண்டு ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கிடையே நுழைந்திருக்கும் கடலின், நடுவுக்குப் போய்விடும். நீங்கள் கரையில் நிற்பீர்கள். 5 மணிக்குச் சங்கு ஊதும். அதற்கு முன் ஒவ்வொருவராக 4 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். படகின் தளத்திலேயே கடல் நீரைக் குழாயில் பீச்சுவார்கள். குதிப்பதற்கு முன் முகத்திலும் கழுத்திலும் அதை வாங்கிக்கொண்டால் முதல் மூச்சு திணறாது என்று தம்பியிடம் சொல்லுங்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் தண்ணீர் பெரும்பாலும் 13 முதல் 15 டிகிரி வரை இருக்கும். ஆனால் கரைக்கு அருகில் ஓர் ஆறு வந்து விழுகிறது. மலையிலிருந்து வரும் தண்ணீர் அது. அந்த இடத்தில் சட்டென்று இன்னும் குளிரும். முடியப்போகிறது என்று மனம் தளர்கிற நேரத்தில் அந்தக் குளிர் வந்து அடிக்கும். முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டார்.

கரையேறியதும் சைக்கிள். கடல் மட்டத்திலிருந்து மோபெதாலன் பள்ளத்தாக்கின் பழைய வீதி வழியாக, வோரிங்ஸ்ஃபொசன் அருவியைத் தாண்டி, சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் உள்ள டீரானுட் வரை ஏறுகிறார்கள். இந்த முதல் ஏற்றத்தில் துணையாளர்கள் உதவ அனுமதி இல்லை. எந்த இடத்திலிருந்து உதவலாம் என்பதை அந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எனவே நீங்கள் அவரைப் பிறகு பார்க்கும்போது, நீந்திய உடம்போடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மலை ஏறி வந்திருப்பார். ஏறும்போது வியர்த்திருக்கும். மேலே வந்ததும் காற்று.

இங்கேதான் நான் பிழை விட்டேன். அன்று டீரானுட்டில் காரின் வெப்பமானி 6 டிகிரி காட்டியது. மழை தூறலாக இல்லாமல் பக்கவாட்டில் வந்தது. மகள் வந்து நின்றாள். நான் வாழைப்பழத்தை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டேன். "அப்பா, உரிக்க முடியவில்லை" என்றாள். தடித்த கையுறைகளை நான் பெரிய பையின் அடியில், துவாய்களுக்குக் கீழே வைத்திருந்தேன். அந்தப் பையைத் தேடி, கொட்டி, எடுப்பதற்குள் ஆறேழு நிமிடம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் அவள் மழையில் நின்றாள். கடைசியில் என் மேற்சட்டையைத் திறந்து அவளுடைய இரண்டு கைகளையும் என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு மீன்களை வைத்ததுபோல இருந்தது. விரல் மடங்கும் வரை அப்படியே நின்றோம். பதினைந்து நிமிடம் இருக்கும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: துணையாளரின் வேலை அவருடைய கைகள்தான். கால் வலித்தாலும் ஓடலாம். கை போய்விட்டால் பிரேக் பிடிக்க முடியாது, சட்டையின் ஜிப்பை இழுக்க முடியாது, தின்ன முடியாது. தின்னாவிட்டால் இன்னும் குளிரும். கையுறை 4 சோடி கொண்டுவாருங்கள். விரல் பிரிந்தவை அல்ல, நான்கு விரலும் ஒன்றாகச் செல்லும் பை போன்ற கையுறைகள். முன் இருக்கையில், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில், ஹீட்டர் காற்று படும்படி வைத்திருங்கள். எல்லாப் பொட்டலங்களையும் முன்னிரவே கத்தரியால் வெட்டித் திறந்து வையுங்கள். ஜெல் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிற பலம்கூட அப்போது இருக்காது. சாக்லேட் கட்டிகள் குளிரில் கல்லாகிவிடும், விரல் நீளத்துக்கு நறுக்கி வையுங்கள்.

மேட்டுநிலத்தின் முடிவில் ஒரு சுற்றுலா ஊர் வரும். பலகையில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டினால் கெய்லோ என்று வரும். இங்குள்ளவர்கள் யெய்லோ என்பார்கள். கடை, பெட்ரோல், கழிப்பறை எல்லாம் அங்கே இருக்கின்றன. நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள், நான் சாப்பிடாமல் விட்டுவிட்டுப் பிறகு தலை சுற்றி நின்றேன். அதன்பின் அடுத்தடுத்து ஏற்றங்கள், கடைசியாக இமிங்ஃபியெல். அதற்கப்பால் தின்ஷோ ஏரிக்கரை ஊரான ஆஸ்ட்பிக்டே வரை நீண்ட இறக்கம். அந்த இறக்கத்துக்கு முன் கட்டாயம் நிறுத்தி, காற்றுத் தடுக்கும் சட்டையும் கையுறையும் போட்டு அனுப்புங்கள். "வேண்டாம், சூடாகத்தான் இருக்கிறேன்" என்பார். ஏறி வந்த சூடு இரண்டு நிமிட இறக்கத்தில் போய்விடும்.

ஓட்டத்தில் முதல் 25 கி.மீ. பெரும்பாலும் சமதரை. ஏரியை ஒட்டிப் போய் ரியூக்கான் பள்ளத்தாக்கில் நுழையும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வெயிலே விழாத ஊர் அது. 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை வைத்து, ஊர்ச் சதுக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான் மகளுக்காகக் காத்திருந்தேன்.

அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் 7 கி.மீ. வீதியைப் பிணங்கள் நடக்கும் மேடு என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அதில் அநேகமாக எல்லோரும் நடக்கத்தான் செய்கிறார்கள். மேலே 32.5 கி.மீ. புள்ளியில் கணக்கு. முதல் 160 பேருக்கு மட்டும் கௌஸ்தாதொப்பன் மலைக்கு அனுமதி, அவர்களுக்குக் கறுப்புச் சட்டை. மற்றவர்கள் மீதித் தூரத்தைக் கீழேயே ஓடி முடித்து வெள்ளைச் சட்டை வாங்குவார்கள். மலை என்றால் வீதி அல்ல, பாறைகள். 1,850 மீட்டர் உயரத்தில் முடிவுக் கோடு. அங்கேதான் நீங்களும் கூட ஏற வேண்டும். இப்போதே வாரம் இருமுறை பையோடு படி ஏறிப் பழகுங்கள். மருதமலைப் படிகள் உங்கள் ஊரில்தானே?

மகளுக்கு வெள்ளைச் சட்டைதான் கிடைத்தது. டீரானுட்டில் போன நேரத்தை நான் இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

சாப்பாடு: பால், நெய், இறைச்சி சேர்ந்த எதையும் இந்தியாவிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. நெய் விட்டுச் செய்த பொடி, இனிப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரிசி, வெண்ணெய், உருளைக்கிழங்கு இங்கே வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். எட்டு மணி நேரம் இனிப்பாகவே விழுங்கியவருக்கு உப்புக்கும் புளிப்புக்கும் நாக்கு ஏங்கும். மகள் அன்று கேட்டு வாங்கிக் குடித்தது பிளாஸ்கில் இருந்த ரசம். உப்புத் தூவிய அவித்த கிழங்கு, வாயில் அப்படியே போடக்கூடிய சிறிய சோற்று உருண்டை, சூடான ரசம். இவை மூன்றும் இருக்கட்டும்.

மூன்றாவது கேள்விக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் இருக்கிறார். அவர் பார்ப்பார் என்று நம்புகிறேன்.

---

கிளாஸ்கோமருத்துவர் எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா. நான் ஸ்காட்லாந்தில் மயக்க மருந்துத் துறையில் வேலை செய்கிறேன். 2012 முதல் இங்கே ஷீல்டேக், டாரிடன் பகுதியில் நடக்கும் கெல்ட்மேன் போட்டியும் இதே வகை. அங்கே குளிரோடு ஜெல்லி மீன்களும் உண்டு. அந்தக் கரையில் உதவிக்கு நின்ற அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அம்மா, முதலில் டிரம். குளிர்ந்த நீரில் விழுந்ததும் தானாக வரும் அந்த முதல் மூச்சுத் திணறல் ஆபத்தானது. அது முதல் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஐந்தாறு முறை சில நிமிடங்கள் அமிழ்ந்து எழுந்தாலே அது கணிசமாகக் குறைகிறது, அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கவும் செய்கிறது. ஆகையால் டிரம்மில் இரண்டு மூன்று நிமிடம் போதும், பத்து நிமிடம் உட்கார்ந்து கூடுதலாக எதையும் பெறப்போவதில்லை. உங்கள் தம்பி தனியாக ஒருநாளும் அதில் இறங்கக் கூடாது.

இரண்டாவது, நீரிலிருந்து வெளியே வந்த பிறகும் உடம்பின் உள்வெப்பம் மேலும் குறையும். கரையேறும்போது சிரித்துக்கொண்டு நன்றாக இருப்பவர், கால் மணி நேரம் கழித்துக் கிடுகிடுவென நடுங்குவார். அதைக் கண்டு பதற வேண்டாம். நடுக்கம் உடம்பு போராடுவதன் அடையாளம். குளிர் குறையாமலே நடுக்கம் நின்றுவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அண்ணா அக்குளில் கையை வைத்தது மிகச் சரியான வைத்தியம். அதற்கு மாறாக, உணர்வற்ற கையைத் தேய்ப்பதும் கொதிநீரில் விடுவதும் தோலைப் புண்ணாக்கும். சூடு தெரியாத கைக்குச் சுடுவதும் தெரியாது. ஈர உடையைக் கழற்றி, மார்பையும் தலையையும் முதலில் மூடுங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுங்கள்.

இன்னொன்று, இதை அவரிடம் நேரில் சொல்லுங்கள். நீந்தும்போது காரணமில்லாமல் இருமல், மூச்சிரைப்பு, வாயில் இளஞ்சிவப்பு நுரை வந்தால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று பொருள். உடனே கையை உயர்த்திப் படகை அழைக்க வேண்டும். அதற்குப் பிறகு அன்றைக்குப் போட்டி இல்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முதலில் கெடுவது விரல், பிறகு நாக்கு, பிறகு முடிவெடுக்கும் அறிவு. அறிவு கெட்டவருக்கு அது கெட்டது தெரியாது. அதனால்தான் முடிவு உங்களுடையது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு சோதனை செய்யுங்கள். கட்டை விரலால் சுண்டு விரலைத் தொடச் சொல்லுங்கள். நீங்கள் ஆசிரியை என்றீர்கள், 17ஆம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். 170, 153, 136 என்று வர வேண்டும். விரல் தொடவில்லை என்றால் காருக்குள் ஏற்றிச் சூடாக்குங்கள். விரலும் தொடவில்லை, எண்ணும் குழறுகிறது, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், அல்லது எதிலும் பற்றில்லாமல் நிற்கிறார் என்றால் சைக்கிளைக் காரில் ஏற்றிவிட்டு, அங்குள்ள போட்டி மருத்துவரை அழையுங்கள். விவாதம் வேண்டாம்.

---

பஞ்சாலைவீதி எழுதியது:

நானும் கோவைதான் அக்கா. வாரக் கடைசியில் சைக்கிளில் கோத்தகிரி ஏறுகிறவன். ஒரு யோசனை. ஜூலையில் மழை பிடித்ததும் நீங்கள் இருவரும் ஒரு முழு நாள் ஒத்திகை பாருங்கள். விடியற்காலை தம்பி மேட்டுப்பாளையத்திலிருந்து நனைந்தபடியே கோத்தகிரி ஏறட்டும். நீங்கள் காரில் முந்திப் போய் நின்று சட்டை மாற்றுங்கள், ரசம் கொடுங்கள். எந்தப் பை எங்கே என்பது மூன்றாவது நிறுத்தத்தில்தான் புரியும். அடியில் இருப்பதை மேலே எடுத்துவைக்கத் தோன்றுவதும் அப்போதுதான். பைகளுக்கு நிறம் வைத்துக்கொள்ளுங்கள்: கை, தலைக்கு ஒரு நிறம், சாப்பாட்டுக்கு ஒன்று, சைக்கிள் சாமானுக்கு ஒன்று.

நிறுத்தும் முடிவு அக்காவுடையது என்பதை வெள்ளைத் தாளில் தம்பியையே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கள் நீண்ட தூரக் குழுவில் இப்படித்தான் செய்கிறோம். களைத்துப்போனவனிடம் வாதாட முடியாது, அவன் கையெழுத்தைக் காட்டலாம்.

---

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பேர்கன் அண்ணா எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். வாழைப்பழம் வந்த இடத்தில் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "கையுறை 4 சோடி போதுமா, 6 வாங்குவோமா?" என்று கேட்டான்.

இன்று காலை டிரம்மில் 3 நிமிடம்தான். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் விரல் தொட்டது. வாய்ப்பாட்டில் 170, 153, 136, 119 வரை வந்து நின்றுவிட்டான். குளிரா என்று பதறினேன். இல்லையாம், பள்ளியிலும் அங்கேதான் நின்றானாம். 102 என்று நான் எடுத்துக்கொடுத்தேன். இனி தினமும் குளிருக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சொல்ல வைக்கிறேன். அவனுடைய வழக்கமான தடுமாற்றம் எது, குளிரின் தடுமாற்றம் எது என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

தாளும் எழுதிக் கொடுத்துவிட்டான். "அக்கா சொன்னால் இறங்கிவிடுவேன்" என்று ஒரே வரி. பூஜை அறையில் வைத்திருக்கிறேன்.

அண்ணா, ஒன்று மட்டும் கேட்கிறேன். அவனுக்கு 161ஆம் இடம் வந்துவிட்டால், அந்த 32.5ஆவது கி.மீ.யில் நான் என்ன சொல்வது?

---

பேர்கன்மழை எழுதியது:

ஒன்றும் சொல்ல வேண்டாம் தங்கை. மிச்சத் தூரத்துக்கு அவரோடு கூட நடங்கள். நான் அப்படித்தான் செய்தேன். மகள் அதுவரை சொல்லாத கதைகளையெல்லாம் அந்தக் கடைசிக் கிலோமீட்டர்களில்தான் எனக்குச் சொன்னாள். அடுத்த நாள் வானம் வெளுத்திருந்தது, இருவரும் சும்மா மலை ஏறினோம். உச்சியில் ஒரு கல் குடில் இருக்கிறது, அங்கே வாஃபிள் சுட்டுத் தருகிறார்கள். மலைக்கு உள்ளே குடைந்த ரயிலில் இறங்கி வந்தோம்.

பேர்கன் வழியாக வருவதென்றால் எழுதுங்கள். எங்கள் வீட்டில் பெரிய பிளாஸ்க் இரண்டு இருக்கின்றன, கையுறைகளும் இருக்கின்றன. புதிதாக வாங்க வேண்டாம். ரசத்துக்குப் புளி மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.